பின்பக்கம் தானா லெவல் ஆகுற சஸ்பென்ஷன் மக்கர் பண்ணுதா? கம்ப்ரஸர் மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

செகண்ட் ஹேண்ட்ல பெரிய வண்டி வாங்குறவங்க நம்ம வடசென்னைல இப்போ நிறைய பேர் ஆயிட்டாங்க. தண்டையார்பேட்டை, கொளத்தூர், மாதவரம்னு எந்தப் பக்கம் போனாலும் பத்து பன்னெண்டு வருஷம் ஆன ஜெர்மன் எஸ்யூவி ஒண்ணு தெருவோரமா நிக்குது. அதுல பல வண்டிக்குப் பின்சக்கரத்துக்கு மேல காயில் ஸ்பிரிங் கிடையாது, காத்து அடைச்ச ரப்பர் பெல்லோ தான். டிக்கில எவ்ளோ சாமான் ஏத்தினாலும் பின்பக்கம் தொங்காம, கம்ப்ரஸர்ங்குற எலெக்ட்ரிக் காத்துப் பம்பை ஓட்டி அதுவே காத்தை ஏத்தி லெவல் பண்ணிக்கும். நல்லா இருக்குற வரைக்கும் சொகுசு. ஒரு நாள் காலைல பாத்தா பின்பக்கம் தரையோட உக்காந்து கெடக்கும், டேஷ்போர்டுல சஸ்பென்ஷன் வார்னிங் எரியும், ஒர்க்‌ஷாப் போனா வண்டிக்கு அடியில குனிஞ்சு கூட பாக்காம "கம்ப்ரஸர் போச்சு சார், மாத்திடலாம்"னு சொல்லுவாங்க.

எனக்கும் அதையேதான் சொன்னாங்க, கொட்டேஷன் ஒரு லட்சத்துக்கு மேல. கடைசில பாத்தா கம்ப்ரஸர் நல்லாவே இருந்துச்சு, பெல்லோ மடிப்புல வெடிப்பு. அதைக் கண்டுபுடிக்குறதுக்குள்ள நான் அலைஞ்ச அலைச்சல் உங்களுக்கு வேணாம், அதனாலதான் இவ்ளோ நீளமா எழுதுறேன். நீங்க மெக்கானிக்கா இருக்கணும்னு அவசியமே இல்ல, ஒரு டேப், ஒரு டார்ச், ஒரு ஸ்ப்ரே பாட்டில், கொஞ்சம் பொறுமை இருந்தா முக்கால்வாசி விஷயத்தை நீங்களே கண்டுபுடிச்சிடலாம்.

ஒண்ணை மட்டும் முதல்லயே மனசுல வெச்சுக்கங்க: லீக்கை முதல்ல புடிங்க, கம்ப்ரஸரைப் பத்தி அப்புறம் யோசிங்க. லீக் இருக்குற வண்டிக்கு புது கம்ப்ரஸர் போடுறது பஞ்சரான டயருக்கு புது பம்ப் வாங்குற மாதிரி, அந்த பம்பும் அடிச்சு அடிச்சு சீக்கிரமே செத்துப் போகும்.

1. முதல்ல உயிர் பத்திரம்

இதைத் தாண்டிப் போயிடாதீங்க. பெல்லோல காத்து எப்ப வேணா இறங்கலாம், இறங்கினா ரெண்டு டன் வண்டியோட பின்பக்கம் மொத்தமா கீழ வரும். அதனால டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவுல கை, தலை எதையும் விடாதீங்க. வண்டிக்கு அடியில போறதுன்னா ஜாக்கியை மட்டும் நம்பாதீங்க, கட்டாயம் ஜாக்கி ஸ்டாண்ட், அதுவும் கெட்டியான சமதரையில. நம்ம தெருவுல பாதி இடம் மெட்ரோ வாட்டர் தோண்டி மூடின மண்ணு, அங்க ஸ்டாண்ட் புதையும். ஒர்க்‌ஷாப் லிஃப்ட் கிடைச்சா அதுதான் நல்லது.

முழுசா உக்காந்த வண்டியை ஓட்டவும் ஓட்டாதீங்க. காத்து இல்லாத பெல்லோ தப்பா மடிஞ்சு நசுங்கும், சின்ன வெடிப்பு இருந்த இடம் கிழிஞ்சே போயிடும், டயர் உள்பக்கம் உரசும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலை, மணலி பக்கம் கண்டெய்னர் லாரி போட்ட பள்ளத்துல அப்படியே ஓட்டினீங்கன்னா பெல்லோவோட சேர்ந்து ஷாக் அப்சார்பரும் போகும். வண்டியை முழுசா மேல ஏத்திட்டுப் போற ஃப்ளாட்பெட் லாரி கூப்பிடுங்க, முன்சக்கரத்தைத் தூக்கிக் கட்டி இழுக்குற வண்டி வேணாம். உங்க இன்சூரன்ஸ்ல ரோட் சைட் அசிஸ்டன்ஸ் இருக்கானு பாலிசியை எடுத்துப் பாருங்க, நிறைய பேர் அதுக்குக் காசு கட்டியிருப்பாங்க, கட்டினதே தெரியாது.

2. உங்க வண்டில இருக்குறது எந்த வகைனு தெரிஞ்சுக்கங்க

மூணு வகை இருக்கு. நம்ம ஊர்ல ஜாஸ்தியா பாக்குறது காத்து வகை: ரெண்டு பெல்லோ, ஒரு எலெக்ட்ரிக் கம்ப்ரஸர், வால்வு, உயரம் பாக்குற சென்சார், இதையெல்லாம் நடத்துற ஒரு கன்ட்ரோல் யூனிட். பிஎம்டபிள்யூ எக்ஸ்5ல இ70, எஃப்15 மாடல்கள்ல பல வண்டிக்கும், நீள வீல்பேஸ் 7 சீரிஸ் எஃப்02க்கும் பின்பக்கம் மட்டும் இந்த ஏற்பாடு இருக்கு. நாலு பக்கமும் பெல்லோ இருக்குற வண்டிக்கும் கண்டுபுடிக்கிற முறை கிட்டத்தட்ட இதேதான்.

ரெண்டாவது நிவோமேட்னு ஒண்ணு. கம்ப்ரஸரே கிடையாது, வயர் கிடையாது, ஷாக் அப்சார்பருக்குள்ளயே பம்ப் இருக்கும், வண்டி ஓடுற குலுக்கல்லயே அது ஏறிக்கும். லோடு ஏத்தி நிறுத்தி வெச்சிருந்தா பின்பக்கம் தொங்கத்தான் செய்யும், கொஞ்ச தூரம் ஓடினா நிமிரும். ஓடினப்புறமும் நிமிரலேன்னா அந்த ஷாக்கை ஜோடியா மாத்துறதைத் தவிர வேற வழி இல்ல. மூணாவது ஆயிலும் கேஸும் சேர்ந்த ஹைட்ராலிக் வகை, பழைய பென்ஸ் வேகன்ல எல்லாம் வரும், அதுல ஆயில் லெவல், ஆயில் கசிவு, கேஸ் உருண்டைனு தனிக் கதை. இங்க நான் எழுதுறது முதல் வகைக்கு.

எதுனு சந்தேகமா இருந்தா பின்சக்கரத்துக்கு உள்பக்கமா டார்ச் அடிச்சுப் பாருங்க. காயில் இருக்க வேண்டிய இடத்துல கறுப்பா, மழமழன்னு ஒரு ரப்பர் உருளை இருந்தா அதுதான் பெல்லோ. சேஸிஸ் நம்பர் வெச்சு எந்தப் பார்ட் வண்டியோட வந்துச்சுனு பார்ட்ஸ் கடைக்காரரே எடுத்துத் தருவாரு.

3. பேப்பர்களை எடுத்து வைங்க

வண்டியைத் தொடுறதுக்கு முன்னாடி இது. ஆர்.சி., இன்சூரன்ஸ் பாலிசி, பழைய ஓனர் கொடுத்த சர்வீஸ் பில் ஏதாச்சும் இருந்தா அது, எல்லாத்தையும் போட்டோ எடுத்து ஃபோன்ல ஒரு ஃபோல்டர்ல போடுங்க. சேஸிஸ் நம்பர் 17 எழுத்தையும் தனியா டைப் பண்ணி வெச்சுக்கங்க, பார்ட்ஸ் கடைல ஒவ்வொரு தடவையும் கேப்பாங்க, ஒரு எழுத்து மாறினா வேற பார்ட் வரும், திருப்பி எடுத்துக்க மாட்டாங்க.

ஆர்.சி.ல எது வரைக்கும் வேலிடிட்டினு பாருங்க. சொந்த வண்டிக்கு 15 வருஷம், அதுக்கப்புறம் ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல வண்டியைக் காட்டி 5 வருஷம் 5 வருஷமா புதுப்பிக்கணும், பசுமை வரியும் கட்டணும். டிஎன் 03 தண்டையார்பேட்டை ரெஜிஸ்ட்ரேஷன்ல 2011, 2012 வண்டி வெச்சிருக்குறவங்களுக்கு அந்த தேதி 2026, 2027ல வருது. ஒரு லட்சம் செலவு பண்றதுக்கு முன்னாடி இன்னும் எத்தனை வருஷம் அந்த வண்டியை வெச்சுக்கப் போறீங்கன்னு வீட்ல உக்காந்து பேசிடுங்க.

இன்சூரன்ஸ்ல கிடைக்குமானு எல்லாரும் கேக்குறாங்க. தேய்மானம், தானா ரிப்பேர் ஆனது, இதுக்கெல்லாம் கிடைக்காது, ஜீரோ டெப் (பார்ட் விலைல தேய்மானம் கழிக்காம தர்ற ஆட்-ஆன்) போட்டிருந்தாலும் கிடைக்காது. ஆக்சிடென்ட் ஆகி பெல்லோ கிழிஞ்சாலோ, வெள்ளத்துல கம்ப்ரஸர் முங்கினாலோ க்ளெய்ம் போடலாம். அப்பவும் சாதாரண பாலிசில ரப்பர், பிளாஸ்டிக் பார்ட்டுக்கு 50% கழிச்சிட்டுதான் தருவாங்க. 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ முழங்கால் தண்ணில நின்ன வண்டிங்க நம்ம பக்கம் எத்தனைனு உங்களுக்கே தெரியும். அப்படி நின்னா வண்டியை ஸ்டார்ட் பண்ணாதீங்க, தண்ணி எது வரைக்கும் ஏறுச்சுனு தெரியுற மாதிரி போட்டோ எடுங்க, இன்சூரன்ஸ் கம்பெனிக்கு உடனே தகவல் சொல்லுங்க, சர்வேயர் பாக்குறதுக்கு முன்னாடி எதையும் கழட்ட விடாதீங்க.

4. ராத்திரி அளவு, காலை அளவு

மொத்த வேலைலயும் முக்கியமான டெஸ்ட் இதுதான், செலவு பைசா கிடையாது. ஆனா செய்யுற விதத்துல செய்யணும்.

சாயங்காலம் வண்டியைக் கொஞ்சம் ஓட்டி, பின்பக்கம் ஒழுங்கான உயரத்துல நிக்கும்போது வீட்டுக்குக் கொண்டு வந்து நிறுத்துங்க. எல்லாரும் இறங்கினப்புறம், டிக்கில இருக்குற சாமானை எடுத்தப்புறம், ஒரு அஞ்சு பத்து நிமிஷம் விடுங்க, அது தன்னைத் தானே சரி பண்ணிக்கும். அப்புறம் சக்கரத்தோட நடு மையத்துல இருந்து நேர் மேல மட்கார்டு விளிம்பு வரைக்கும் அளங்க. தரைல இருந்து அளக்காதீங்க, டயர் காத்து கம்மியானா அளவு மாறும். இடது வலது ரெண்டையும் எழுதி, டேப் வெச்ச இடத்துல ஒரு சின்ன மாஸ்கிங் டேப் துண்டு ஒட்டிடுங்க, காலைல அதே இடத்துல அளக்கணும். தெரு சாய்வா இருக்கேன்னு கவலைப்படாதீங்க, நமக்கு வேண்டியது எவ்ளோ இறங்குச்சுங்குறது மட்டும்தான்.

காலைல வண்டியை அன்லாக் பண்ணாம, கதவைத் திறக்காம, சாவியைக் கூட வீட்டுக்குள்ளயே வெச்சுட்டு வந்து அளங்க. இது ஏன்னா பல வண்டில கதவையோ டிக்கியையோ திறந்த உடனே கன்ட்ரோல் யூனிட் முழிச்சுக்கும், கம்ப்ரஸர் ஓடி உயரத்தை ஏத்திடும், நீங்க அளக்குறதுக்குள்ள ராத்திரி நடந்தது எல்லாம் மறைஞ்சு போயிடும். நிறைய பேர் "நான் செக் பண்ணேன், இறங்கவே இல்ல"னு சொல்றது இதனாலதான்.

இப்ப ரெண்டு அளவையும் பாருங்க. ஒரு பக்கம் மட்டும் இறங்கியிருந்தா அந்தப் பக்கத்து பெல்லோ, அதுக்குப் போற ட்யூப், ட்யூப் சேருற ஜாயின்ட், இல்ல அந்தப் பக்கத்துக்கான வால்வு, இந்த நாலுல ஒண்ணு. ரெண்டு பக்கமும் இறங்கியிருந்தா ரெண்டு பெல்லோவும் ஒரே வயசு, ஒண்ணா போயிருக்க நல்ல வாய்ப்பு இருக்கு, இல்லாட்டி வால்வு பிளாக்கை, அதாவது ரெண்டு பக்கத்து ட்யூபும் வந்து சேருற வால்வு கட்டையைப் பாக்கணும். ரெண்டு பக்கமும் துளி கூட இறங்கல, ஆனா வண்டி தாழ்வாவே நிக்குது, லோடு ஏத்தினா நிமிரல அப்படின்னா மட்டும்தான் கம்ப்ரஸர், ரிலே (கம்ப்ரஸருக்குப் போற கரண்ட்டை ஆன் ஆஃப் பண்ற சுவிட்ச்), சென்சார் பக்கம் பார்வையைத் திருப்பணும். இறங்காம ரொம்ப உயரமா தூக்கிட்டு நின்னா காத்தை வெளிய விடுற வால்வு அடைச்சிருக்கும், இல்ல சென்சார் ராட் கழண்டிருக்கும்.

ஒரே ராத்திரியோட விட்டுடாதீங்க, இன்னொரு ராத்திரியும் பாருங்க. சின்ன வெடிப்பு சில நேரம் ரப்பர் மடியுற விதத்துல தானா அடைச்சுக்கும், அடுத்த நாள் திறந்துக்கும்.

5. பேட்டரி, ஃப்யூஸ், ரிலே

பேட்டரி வீக்கா இருந்தா கன்ட்ரோல் யூனிட் கம்ப்ரஸரை ஓட விடாது, அதுக்கே வார்னிங் வரும். மல்டிமீட்டர்ல பாருங்க, ராத்திரி முழுக்க நின்ன வண்டில 12.6 வோல்ட் கிட்ட இருக்கணும், இன்ஜின் ஓடும்போது 14 பக்கம். அப்புறம் ஃப்யூஸ் சார்ட்டைப் பாத்து கம்ப்ரஸர் ஃப்யூஸ். எரிஞ்சிருந்தா அதே ஆம்பியர்ல ஒண்ணு போட்டுப் பாருங்க, திரும்ப எரிஞ்சா அதோட நிறுத்துங்க, பெரிய ஃப்யூஸ் போடுறேன், வயர் சுத்திப் போடுறேன்னு யாராச்சும் சொன்னா விடாதீங்க, வண்டி தீப்புடிக்கும்.

ரிலேவை யாரும் கண்டுக்கறதில்ல. ஆனா லீக் இருக்குற வண்டில கம்ப்ரஸர் அடிக்கடி ஓடி ஓடி ரிலேவோட உள் காண்டாக்ட் கருகி ஒட்டிக்கும். ஒட்டிக்கிச்சுனா வண்டி ஆஃப் பண்ணினாலும் கம்ப்ரஸர் நிக்காம ஓடும், காலைல பேட்டரி காலி, கம்ப்ரஸரும் கருகிடும். சாவி எடுத்தப்புறமும் பின்னாடி இருந்து உறுமல் சத்தம் நிக்காம வந்தா ரிலேவைப் புடுங்குங்க. நின்னுச்சுனா குற்றவாளி அதுதான். விலை கம்ப்ரஸரோட பாக்கும்போது ஒண்ணுமே இல்ல.

6. கம்ப்ரஸர் உயிரோட இருக்கா

இதுக்கு 20 லிட்டர் வாட்டர் கேன் போதும், ஒண்ணு சுமார் 20 கிலோ, அஞ்சு கேன் வெச்சா 100 கிலோ. இன்ஜின் ஓடுது, கதவெல்லாம் மூடியிருக்கு, கேன் எல்லாத்தையும் டிக்கில வெச்சு மூடிட்டுக் காத்திருங்க. உடனே எதுவும் நடக்காது, இந்த சிஸ்டம் ரோட்டுல வர்ற ஒவ்வொரு மேடு பள்ளத்துக்கும் ஆடக் கூடாதுனு கொஞ்ச நேரம் பாத்துட்டுதான் முடிவெடுக்கும். அப்புறம் பின்னாடி இருந்து மெல்லிசா ஒரு உறுமல், பின்பக்கம் நிமிரணும். கேனை எடுத்துடுங்க, கொஞ்ச நேரத்துல புஸ்ஸுனு காத்து வெளிய போற சத்தம் கேட்டு இறங்கணும். ரெண்டும் நடந்தா கம்ப்ரஸரும் வால்வும் வேலை செய்யுது, எவன் என்ன சொன்னாலும் உடனே மாத்தாதீங்க.

சத்தமே இல்லேன்னா ரெண்டு காரணம் இருக்கலாம். ரொம்ப நேரம் ஓடி சூடாகி தன்னைத் தானே நிறுத்திக்கிட்டிருக்கும், நம்ம ஊர் மே மாசத்துல இது சகஜம், ஆற விட்டு மறுபடி பாருங்க. இல்ல கரண்ட் வரல. எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு கம்ப்ரஸர் ஓட வேண்டிய நேரத்துல கனெக்டர்லயே எவ்ளோ வோல்ட் வருதுனு பாக்கச் சொல்லுங்க. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் கடலோரமா வண்டி நிக்குதுன்னா கனெக்டர் பின் பச்சை பூத்துக் கெடக்கும், அதைச் சுத்தம் பண்ணினாலே ஓடிடும். எர்த் பாயின்ட்டையும் மறக்காதீங்க. சத்தம் வருது ஆனா நிமிரல, கடகடன்னு அடிக்குது, ரொம்ப நேரம் எடுக்குதுன்னா உள்ள பிஸ்டன் ரிங் தேஞ்சிருக்கும், அப்ப கம்ப்ரஸர் செலவு வரத்தான் போகுது. ஆனா அதைத் தேய வெச்சதே லீக்தான், அதனால அடுத்த ஸ்டெப்பை விடாதீங்க.

7. சோப்புத் தண்ணி

பாத்திரம் தேய்க்குற லிக்விட் கொஞ்சம், தண்ணி ஜாஸ்தி, ஸ்ப்ரே பாட்டில்ல ஊத்தி நுரை வர்ற அளவுக்குக் குலுக்குங்க. வண்டி சரியான உயரத்துல, காத்து நிறைஞ்சு இருக்கும்போதுதான் இதைப் பண்ணணும், உக்காந்த வண்டில அடிச்சா ஒண்ணும் தெரியாது.

பெல்லோல முக்கியமான இடம் அடிப்பக்கம் ரப்பர் உள்ள மடிஞ்சு உருளுற அந்த வளையம். தூசியும் மணலும் அங்கதான் போய் சேரும், வெடிப்பும் அங்கதான் வரும். வல்லூர், அத்திப்பட்டு பக்கம் சாம்பல், நிலக்கரித் தூள் பறக்குற ரோட்டுல தினம் போறவங்களுக்கு இது சீக்கிரமே வரும். முதல்ல தண்ணி அடிச்சு அழுக்கைக் கழுவிட்டு, அப்புறம் சோப்பு அடிச்சு, டார்ச் வெளிச்சத்துல ஒரு ரெண்டு நிமிஷம் கண்ணை எடுக்காம பாருங்க. பெரிய லீக் குமிழியா பொங்கும், சின்னது வெள்ளை நுரை ஊறுற மாதிரி மெதுவா வரும், அதைத்தான் அவசரத்துல விட்டுடுவாங்க. அடுத்து பெல்லோ தலைல ட்யூப் சேருற பித்தளை ஜாயின்ட், கடைசியா வால்வு பிளாக்ல ட்யூப் சேருற இடம்.

ரப்பர்ல குறுக்கும் நெடுக்குமா மெல்லிசா கோடு விழுந்திருந்தா, லீக் இன்னைக்குத் தெரியலேன்னாலும் அது காலம் முடிஞ்ச பெல்லோ. ரப்பர் சொல்யூஷன் போட்டு ஒட்டலாமானு கேக்காதீங்க, அந்த மடிப்பு ஒவ்வொரு குலுக்கலுக்கும் உருளுது, எந்தப் பேட்சும் நிக்காது.

பெல்லோ, ஜாயின்ட் எதுலயும் குமிழி இல்ல ஆனா ஒரு பக்கம் இறங்குதுன்னா ஒர்க்‌ஷாப்ல இதைக் கேளுங்க: வண்டியை லிஃப்ட்ல ஏத்தி, காத்தை முறையா இறக்கி, வால்வு பிளாக்ல இடது ட்யூபையும் வலது ட்யூபையும் மாத்தி மாட்டி அன்னைக்கு ராத்திரி நிறுத்தி வைக்கச் சொல்லுங்க. மாத்தினப்புறம் அடுத்த பக்கம் இறங்கினா வால்வு, அதே பக்கம் இறங்கினா பெல்லோ அல்லது ட்யூப். மாத்தி மாட்டின ட்யூபோட வண்டியை ஓட்டாதீங்க, டெஸ்ட்டுக்கு மட்டும்தான்.

லாரி மெக்கானிக்குங்க மாதவரம் பக்கம் நிறைய பேர் இருக்காங்க, பஸ், லாரி பெல்லோ பாத்துப் பழகின கை, சத்தத்தை வெச்சே லீக்கைச் சொல்லிடுவாங்க, அவங்ககிட்ட காட்டுறதுல தப்பே இல்ல. ஆனா ட்யூபை வெட்டி டயர் வால்வு ஒண்ணை வெச்சு பஞ்சர் கடைல காத்து அடிச்சுக்கலாம்னு ஐடியா குடுத்தா, வண்டியை ஒர்க்‌ஷாப் வரைக்கும் கொண்டு போறதுக்கு மட்டும் யோசிங்க. கன்ட்ரோல் யூனிட்டுக்கு தெரியாம ஏறின காத்து எவ்ளோன்னு யாருக்கும் தெரியாது, அப்படியே மாசக்கணக்குல ஓட்டுற விஷயம் இல்ல அது.

8. சென்சார் ராட்

பின் சஸ்பென்ஷன் ஆர்ம்ல இருந்து சென்சாருக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் குச்சி போகும், ரெண்டு முனைலயும் பால் ஜாயின்ட். அது கழண்டா, உடைஞ்சா உயரத்தைத் தப்பா படிக்கும். கையால லேசா ஆட்டிப் பாருங்க, டயர் மாத்துறப்போ, அலைன்மென்ட் பண்றப்போ இடிச்சு வளைச்சிருக்கவும் வாய்ப்பு இருக்கு. ராட் மட்டும் தனியா கிடைக்கும், மொத்த சென்சாரும் வேணும்னு சொன்னா அடுத்த கடைல கேளுங்க.

9. ஸ்கேன் பண்ணும்போது நீங்களும் பக்கத்துல நில்லுங்க

ஆன்லைன்ல வாங்குற குட்டி ஸ்கேனர் பெரும்பாலும் இன்ஜினை மட்டும்தான் படிக்கும், சஸ்பென்ஷன் கன்ட்ரோல் யூனிட்டுக்குள்ள போற ஸ்கேனர் வேணும். நம்ம பக்கம் அது இருக்குற இடம் கம்மி, அம்பத்தூர், கிண்டினு போக வேண்டி வரும். ஸ்கேனுக்கு ஆயிரத்துல இருந்து ரெண்டாயிரம் வரைக்கும் கேப்பாங்க. போர்ட் டிராஃபிக் ஏறுறதுக்கு முன்னாடி விடிகாலைல கெளம்பிடுங்க.

ஸ்கேனர்ல வர்ற ஃபால்ட் கோடை (பிழைக் குறியீட்டை) அழிக்குறதுக்கு முன்னாடி ஸ்கிரீனை போட்டோ எடுங்க. "கம்ப்ரஸர் ரொம்ப நேரம் ஓடுச்சு", "உயரம் ஏற மாட்டேங்குது"னு வர்ற கோடுக்கு கம்ப்ரஸர் கெட்டுப் போச்சுன்னு அர்த்தம் கிடையாது, லீக் இருந்தாலும் இதே கோடுதான் வரும். இந்த இடத்துலதான் பலபேர் பணத்தை விடுறாங்க. கோடோட நிறுத்தாம லைவ் டேட்டால இடது வலது உயரத்தைப் பாக்கச் சொல்லுங்க, நீங்க டேப்ல அளந்தது ரெண்டு பக்கமும் சமமா இருந்து ஸ்கிரீன்ல வித்தியாசம் காட்டினா சென்சார் பொய் சொல்லுது.

10. பார்ட் வாங்குறது

நான் விசாரிச்சப்போ வெளி மார்க்கெட் பெல்லோ ஒண்ணு சுமாரா பதினஞ்சுல இருந்து இருபத்தஞ்சாயிரம், கம்பெனி பெட்டில வர்றது அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல, கம்ப்ரஸர் வெளில அம்பதாயிரத்துக்கு மேல, கம்பெனில லட்சத்தைத் தாண்டும். மாடலுக்கு மாடல் மாறும், இதை ஒரு அந்தாசுக்கு வெச்சுக்கங்க. ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22ல இருந்து ஆட்டோ பார்ட்ஸுக்கு 28% போய் 18% ஆயிடுச்சு, பழைய விலைப்பட்டியலைக் காட்டி 28% போட்டா கேளுங்க.

பெல்லோவை ஜோடியாதான் மாத்தணும். ஒண்ணு போயிருந்தா இன்னொண்ணும் அதே வெயில், அதே ரோடு பாத்ததுதான், ரெண்டு தடவை லேபர் எதுக்கு. பார்ட்ஸ் கடைங்க இருக்குற ஜி.பி. ரோட்ல கேளுங்க, இல்லேன்னா ஆர்டர் போட்டு வர வெப்பாங்க, ஸ்டாக் இல்லாததுக்கு ரெண்டு வாரம் கூட ஆகலாம், "நாளைக்கு வந்துடும்"ங்குறதை நம்பி வண்டியைக் கழட்டிப் போட விடாதீங்க, பார்ட் கைக்கு வந்தப்புறம் கழட்டட்டும். புதுப்பேட்டைல பழைய பெல்லோ, பழைய கம்ப்ரஸர் வாங்கவே வாங்காதீங்க, பிராக்கெட், மூடி, சென்சார் மாதிரி சாமானுக்கு அங்க போகலாம். பெட்டில இருக்குற பார்ட் நம்பரை போட்டோ எடுத்து உங்க சேஸிஸ் நம்பருக்கு ஒத்துப் போகுதானு பாத்துட்டு காசு குடுங்க, பில்லுல பார்ட் நம்பரும் வாரண்டி எத்தனை மாசம்னும் எழுதி வாங்குங்க. சில கம்பெனி வாரண்டிக்கு ஒர்க்‌ஷாப் மாட்டின பில்லும் கேக்கும்.

பெல்லோவைத் தூக்கிட்டு காயில் ஸ்பிரிங் போட்டுடலாம்னு ஒருத்தர் நிச்சயம் சொல்லுவாரு. மலிவுதான். ஆனா லோடு ஏத்தினா லெவல் ஆகாது, வார்னிங் லைட்டை கோடிங் பண்ணி அணைக்கணும், இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்துல சொல்லாம விட்டா பின்னாடி க்ளெய்ம்ல கேள்வி வரும். என் கருத்து, வண்டியை அது வந்த மாதிரியே வைக்க முடியுற வரைக்கும் வைக்கணும்.

11. மாட்டுற அன்னைக்கு

பெல்லோ ரெண்டும் மாத்த அரை நாள், கம்ப்ரஸரும் சேர்ந்தா ஒரு நாள் வெச்சுக்கங்க. கூட நின்னு இதை மட்டும் பாருங்க. ட்யூப் கழட்டுறதுக்கு முன்னாடி ஸ்கேனர் வழியா காத்தை இறக்கணும். ட்யூப் முனையை பிளேடால நேரா வெட்டி புது ஜாயின்ட்ல சொருகணும், கோணலா வெட்டினா அங்கயே லீக். புது பெல்லோ மாட்டினப்புறம் வண்டியை லிஃப்ட்ல இருந்து சக்கரத்துல உக்கார வைக்குறதுக்கு முன்னாடி பெல்லோல காத்து ஏத்தணும், காத்தே இல்லாம வெயிட் இறங்கினா மடிப்பு உள்ள நசுங்கி புது பெல்லோ முதல் நாளே கிழியும். இந்த ஒரு விஷயத்தை மெக்கானிக் கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க, தெரிஞ்சவருன்னா சிரிச்சுட்டு ஆமா சார்னுவாரு, தெரியாதவருன்னா அப்பவே உங்களுக்குப் புரிஞ்சிடும்.

கம்ப்ரஸர் மாத்தினா ரிலேவும் புதுசு. பழைய ட்யூப்ல வெள்ளைப் பவுடர் கொட்டினா ஈரம் உறிஞ்சுற டிரையர் உடைஞ்சிருக்கு, ட்யூபையும் வால்வையும் சுத்தம் பண்ணாம புது கம்ப்ரஸர் மாட்டினா அந்தப் பவுடர் போய் வால்வை அடைக்கும். எல்லாம் முடிஞ்சப்புறம் ஸ்கேனர்ல உயரத்தைக் காலிபிரேட் பண்ணணும், அதாவது சரியான உயரம் எதுனு கன்ட்ரோல் யூனிட்ல பதிய வைக்கணும், அது இல்லாம வேலை முடிஞ்சதுனு ஒத்துக்காதீங்க. பின்பக்க உயரம் மாறினா ஹெட்லைட் வெளிச்சமும் மாறும், அதையும் பாத்துடுங்க.

முடிஞ்சா வண்டியை அன்னைக்கு ராத்திரி அங்கயே விட்டு, காலைல போய் கதவைத் திறக்காம அளந்துட்டு மீதிப் பணத்தைக் கட்டுங்க. இதை வேலை ஆரம்பிக்குறப்பவே பேசிடணும், கடைசில பேசினா சண்டைதான் வரும். பழைய பார்ட் எல்லாத்தையும் கேட்டு வாங்கிட்டு வாங்க. பில்லுல லேபர் தனியா, பார்ட் தனியா இருக்கணும். கைல எழுதிக் குடுக்குற சீட்டு எதுக்கும் உதவாது, ஏமாத்திட்டாங்கன்னு தெரிஞ்சா தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசலாம், நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் போடலாம், ரெண்டுக்கும் ஒழுங்கான பில்லுதான் கை குடுக்கும்.

12. அப்புறம் பாத்துக்குறது

வாட்டர் வாஷ்ல வண்டிக்கு அடியில டீசல், பழைய ஆயில்னு பளபளப்புக்கு அடிச்சு விடுவாங்க, முன்னாடியே வேணாம்னு சொல்லிடுங்க, ரப்பர் ஊதிப் போயிடும். வெறும் தண்ணி போதும், மடிப்புல இருக்குற மணல் போற மாதிரி, மெதுவான பிரஷர்ல. கடலோரம் நிக்குற வண்டின்னா மாசம் ஒரு தடவையாச்சும். மழை வந்தா வியாசர்பாடி கணேசபுரம் சப்வே மாதிரி தண்ணி தேங்குற இடத்துல இறக்காதீங்க, பல வண்டில கம்ப்ரஸர் டிக்கி தரைக்குக் கீழதான் இருக்கு. பஞ்சர் கடைல ஜாக்கி போடுறப்போ எல்லாரையும் இறக்கி, கதவெல்லாம் மூடி, வண்டியை ஆஃப் பண்ணிட்டுதான் தூக்கணும், மேனுவல்ல ஜாக்கி மோடு இருக்குன்னு போட்டிருந்தா அதைப் போட்டுட்டு தூக்கச் சொல்லுங்க. ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவை அந்த ராத்திரி, காலை அளவை எடுத்து தேதியோட எழுதி வைங்க, கொஞ்சம் கொஞ்சமா இறங்க ஆரம்பிச்சா கம்ப்ரஸர் சாகுறதுக்கு ரொம்ப முன்னாடியே உங்களுக்குத் தெரிஞ்சிடும்.